கஷாயமும் மாத்திரையும் ஒரே உடம்பில்

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் காலையில் வெறும் வயிற்றில் சிறுகுறிஞ்சான் பொடியும் சாப்பிடலாமா? இதய நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் பெரியவர் இருமலுக்கு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளலாமா? வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு ஞாபக சக்திக்கென்று மூலிகை சிரப் கொடுக்கலாமா? ஆங்கில மருத்துவம் ஊருக்குள் வந்த நாள் முதல் ஏதோ ஒரு வடிவில் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது.

பதில்களும் பழையவைதான். "இயற்கைதானே, ஒன்றும் செய்யாது" என்பார் ஒருவர். "இரண்டையும் கலக்கவே கூடாது" என்பார் இன்னொருவர். "அரை மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்" என்பது எல்லோரும் சொல்லும் சமாதானம். சித்த மருத்துவர்களிடம் நான்காவதாக ஒரு பதில் உண்டு: மருந்தோடு மருந்து சேர்வதைப் பற்றி எங்கள் மரபு ஏற்கெனவே யோசித்திருக்கிறது, அதைக் கேளுங்கள் என்பது. இந்த நான்கும் எங்கிருந்து வந்தன, எந்த அளவுக்கு நிற்கும் என்பதைச் சான்றுகளோடு பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இயற்கையானது என்பதால் பாதுகாப்பானதா?

நம் அடுக்களையில் மருந்துக்கும் உணவுக்கும் நடுவே கோடு கிடையாது. சுக்கு, மிளகு, பூண்டு, மஞ்சள், வெந்தயம் எல்லாம் தினமும் வாய்க்குள் போகின்றன. போய் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பது தலைமுறைகளின் அனுபவம். "பக்கவிளைவு இல்லாதது" என்ற நம்பிக்கைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அந்த அனுபவத்தை அலட்சியம் செய்யக் கூடாது. உணவின் அளவில், உணவின் வடிவில் அது பெரும்பாலும் உண்மை.

ஆனால் மரபு மருத்துவம் ஒருபோதும் மூலிகைகளை வீரியமற்றவையாகக் கருதியதில்லை. சேராங்கொட்டையையும் எட்டிக்கொட்டையையும் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்று விதித்தது அதே மரபுதான். பத்தியம் என்ற ஏற்பாடே, உள்ளே போகும் ஒன்று இன்னொன்றின் வேலையை மாற்றும் என்ற கவனத்தில் பிறந்தது. மருந்து சாப்பிடும் காலத்தில் அகத்திக்கீரை சேர்க்காதே, அது மருந்தை முறித்துவிடும் என்று இன்றும் வீடுகளில் சொல்வார்கள். "எதனோடும் சாப்பிடலாம், எவ்வளவும் சாப்பிடலாம்" என்பது ஏடுகளில் இருந்து வந்த வாக்கல்ல. டப்பாவின் மேல் அச்சடிக்கப்பட்ட விளம்பர வாக்கு அது.

ஆங்கில மருந்துகளில் சில செடிகளிலிருந்தே வந்தவை என்பதும் இந்தப் பதிலைப் பலவீனப்படுத்துகிறது. டிஜிட்டாலிஸ் என்ற இலைமருந்தை 1785இல் வில்லியம் விதரிங் விவரித்தார். இன்றும் இதய நோயாளிகளுக்குத் தரப்படும் டிஜாக்சின் அந்தக் குடும்பத்துச் சரக்கு. சர்ப்பகந்தா வேர் ரத்தக்கொதிப்பைக் குறைப்பதை 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜல் வக்கீல் உலகுக்கு எழுதினார். செடியின் வேருக்கு ரத்த அழுத்தத்தைத் தணிக்கும் ஆற்றல் உண்டென்றால், ரத்த அழுத்த மாத்திரையோடு சேரும்போது மட்டும் அந்த ஆற்றல் காணாமல் போய்விடாது.

அளவும் வடிவமும் மாறியிருப்பதுதான் இன்றைய புதிய நிலைமை. குழம்பில் போடும் மஞ்சள்தூள் வேறு. மஞ்சளின் குர்க்குமினைச் செறிவாக்கி, ரத்தத்தில் ஏறுவதற்காக மிளகுச் சத்தையும் சேர்த்து அடைத்த மாத்திரை வேறு. 2018, 2019 ஆண்டுகளில் இத்தாலியில் குர்க்குமின் மாத்திரை சாப்பிட்டவர்களிடையே கல்லீரல் அழற்சி தொகுப்பாகத் தென்பட்டது. மஞ்சள் அங்கே குற்றவாளி என்று சொல்வதைவிட, உணவின் நற்சான்றிதழை மாத்திரைக்கு மாற்றி எழுத முடியாது என்று சொல்வதே சரி.

எச்சரிக்கைகள் எப்படிச் சேர்ந்தன

"கலக்கவே கூடாது" என்ற எதிர்த்தரப்புப் பதில் சுமார் 20 ஆண்டுகளில் உருவானது. அதன் தொடக்கப் பதிவுகளில் ஒன்று நமக்கு மிகவும் பழக்கமான ஒரு காயைப் பற்றியது. 1979இல் அஸ்லாம், ஸ்டாக்லி என்ற இருவர் இங்கிலாந்தின் 'லான்செட்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். குளோர்புரோபமைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுவந்த ஒரு பெண்ணுக்கு, பாகற்காய்க் கறி சாப்பிட்டபோதெல்லாம் சர்க்கரை அளவு எதிர்பாராமல் இறங்கியது. மருந்தும் உணவும் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கின்றன என்று அவர்கள் ஊகித்தார்கள்.

அடுத்தது தற்செயலாகக் கிடைத்தது. 1980களின் இறுதியில் கனடாவில் டேவிட் பெய்லி என்ற மருந்தியல் ஆய்வாளர், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மதுவின் சுவை தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் பழச்சாற்றைக் கலந்தார். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக ஏறியது. காரணம் பழச்சாறுதான் என்று பிறகு தெரிந்தது. நம் பம்ளிமாஸ் அந்தப் பழத்தின் நெருங்கிய உறவு. உறுப்புமாற்று நோயாளிகள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவற்றின் அளவைப் பம்ளிமாஸும் உயர்த்தக்கூடும் என்பதற்குப் பிற்காலப் பதிவுகள் உள்ளன.

இந்தியாவிலிருந்து வந்த முக்கியமான பதிவு 1992ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஃபெனிட்டாய்ன் மாத்திரையால் வலிப்பு கட்டுக்குள் இருந்த இரு நோயாளிகளுக்குத் திடீரென்று வலிப்பு திரும்பியது. இருவரும் சங்குபுஷ்பி சேர்ந்த ஆயுர்வேத சிரப் குடித்துவந்தார்கள். மும்பை ஆய்வாளர்கள் அதை எலிகளில் சோதித்தபோது, சிரப்பைத் தொடர்ந்து கொடுத்தால் ரத்தத்தில் ஃபெனிட்டாய்ன் அளவு குறைவது தெரிந்தது. பிள்ளையின் படிப்புக்காக அன்போடு ஊற்றிக் கொடுக்கும் ஒரு கரண்டி சிரப் வலிப்பைத் திரும்ப அழைக்கலாம் என்ற செய்தி இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

திருப்புமுனை 2000ஆம் ஆண்டு. மனச்சோர்வுக்காக ஐரோப்பாவில் பரவலாக விற்ற செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை பற்றி 'லான்செட்' இரு அறிக்கைகளை வெளியிட்டது. ஒன்றில், ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் அந்த மூலிகை எச்.ஐ.வி. மருந்தான இண்டினவிரின் ரத்த அளவை 57 விழுக்காடு குறைத்தது. மற்றொன்றில், சூரிச் நகரில் இதய மாற்று அறுவை செய்துகொண்ட இருவருக்கு, அந்த மூலிகையைத் தொடங்கிய சில வாரங்களில் புதிய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியது. அவர்கள் உடலில் சைக்ளோஸ்போரின் அளவு சரிந்திருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பொது எச்சரிக்கை விடுத்தது. மூலிகையும் மாத்திரையும் மோதுமா என்ற சந்தேகத்துக்கு அத்துடன் இடமில்லாமல் போயிற்று. எந்த மூலிகை, எந்த மாத்திரை, எவ்வளவு என்பவைதான் அதன்பிறகு மீந்த கேள்விகள்.

ஆனாலும் இந்தத் தரப்புக்கும் பலவீனம் உண்டு. தனித்தனி நோயாளிப் பதிவுகள் எளிதில் பயத்தை உண்டாக்கும், நிரூபிப்பது அபூர்வம். ஜிங்கோ என்ற மூலிகை இதற்கு நல்ல உதாரணம். ஆஸ்பிரினோடு ஜிங்கோ சாப்பிட்ட ஒருவருக்குக் கண்ணுக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டதாக 1997இல் ஒரு பதிவு வந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளோடு ஜிங்கோ ஆபத்து என்று அதன்பின் எல்லாப் பட்டியல்களும் எழுதின. ஆனால் அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 3,069 பேரிடம் ஆண்டுக்கணக்கில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், ஜிங்கோ சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் ரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரினோடு சேர்த்துச் செய்த சிறிய ஆய்வுகளிலும் உறைதல் அளவு மாறவில்லை. அதற்காக ஜிங்கோ முற்றிலும் பாதுகாப்பானது என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் செயின்ட் ஜான்ஸ் வொர்ட்டையும் ஜிங்கோவையும் ஒரே வரியில் எழுதிப் பயமுறுத்தும் பட்டியலால் பயன் குறைவு. எல்லாவற்றையும் ஆபத்து என்று சொன்னால், உண்மையான ஆபத்தும் காதில் விழாமல் போகும்.

உடம்புக்குள் நடப்பது என்ன

மோதல் ஒரே வகையானதல்ல. மூன்று வழிகளைப் பிரித்துப் பார்த்தால்தான் மேலே உள்ள முரண்கள் விளங்கும்.

முதல் வழி வயிற்றிலும் குடலிலும். இரும்பு, கால்சியம் போன்ற உலோகச் சத்துகள் சில மாத்திரைகளைப் பற்றிக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாமல் செய்கின்றன. இரும்பு மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் ஒன்றாகச் சாப்பிடக் கூடாது என்பது இதனால்தான். அன்னபேதிச் செந்தூரத்தில் இருப்பதும் இரும்பு; சங்கு பற்பத்தில் இருப்பது கால்சியம். அவற்றையும் லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை, சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை போன்றவற்றோடு ஒரே நேரத்தில் சாப்பிடாமல் இருப்பதே முறை என்று ஊகிக்க வேதியியல் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது வழி கல்லீரல். நாம் விழுங்கும் மருந்துகளில் கணிசமானவற்றைச் சிதைத்து வெளியேற்றுவது சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம். அதில் 3ஏ4 என்ற நொதிக்கு வேலை அதிகம். கிரேப்ஃப்ரூட் குடலில் உள்ள அந்த நொதியை முடக்குகிறது. மருந்து சிதையாமல் ரத்தத்தில் ஏறுகிறது. செயின்ட் ஜான்ஸ் வொர்ட் நேர்மாறாக அதைத் தூண்டி அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கிறது. மருந்து வேலை செய்யும் முன்பே வெளியேறிவிடுகிறது. ஒன்று மருந்தை நஞ்சாக்கலாம், மற்றது வெறும் சுண்ணாம்புத் தூளாக்கலாம். இரண்டாவதுதான் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. வாந்தியோ மயக்கமோ வந்தால் நோயாளி மருந்தைச் சந்தேகிப்பார். மருந்து சத்தமில்லாமல் வேலைநிறுத்தம் செய்தால், நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைப்பார்.

மூன்றாவது வழியில் மருந்தின் அளவு மாறுவதே இல்லை. விளைவுகள் கூடுகின்றன, அல்லது ஒன்றையொன்று அழிக்கின்றன. அதிமதுரத்தை எடுத்துக்கொள்வோம். 1940களில் நெதர்லாந்தில் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தபோது சில நோயாளிகளுக்கு உடல் வீங்கியது. அதிலுள்ள கிளிசரைசின் சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுக்கிறது. உடல் உப்பையும் நீரையும் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது என்பது பின்னாளில் தெளிவானது. இப்போது இதய பலவீனம் உள்ள ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள். சிறுநீர் பிரிய ஃபுரோசிமைடு சாப்பிடுகிறார். அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றும். டிஜாக்சினும் சாப்பிடுகிறார், பொட்டாசியம் குறைந்தால் அதன் நச்சுத்தன்மை கூடும். இருமல் விடவில்லை என்று தினமும் அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்கிறார். மூன்றும் தனித்தனியே நல்ல மருந்துகள். சேர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறலாம். ஒரு நாள் இரண்டு நாள் சுவைத்ததால் இப்படி ஆகாது. வாரக்கணக்கில், கணிசமான அளவில் தொடரும்போதுதான் கவலை.

ஆகவே மூலிகையைப் பார்த்து மட்டும் ஆபத்தை அளக்க முடியாது. மாத்திரையையும் பார்க்க வேண்டும். சிறுகுறிஞ்சானை மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர் எடுப்பதும், கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் எடுப்பதும் ஒன்றல்ல. மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. மற்ற இரண்டும் தாழ்த்தும். அதேபோல, அளவு சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ கெடுதல் செய்யும் மருந்துகள் என்று ஒரு சிறு கூட்டம் உண்டு: வார்ஃபரின், டிஜாக்சின், ஃபெனிட்டாய்ன், தியோஃபிலின், லித்தியம், சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ். நம்பத்தகுந்த விபரீதப் பதிவுகளில் இந்தப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அல்ல. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புதானத்தில் இந்தியாவில் முன்னணியில் நிற்கும் தமிழ்நாட்டுக்கு, கடைசி இரண்டு பெயர்கள் தனிக் கவனத்துக்குரியவை.

மிளகு: நன்மைக்கும் தீமைக்கும் ஒரே காரணம்

இந்தக் கேள்வி முழுவதையும் ஒரே பொருளில் பார்க்க வேண்டுமானால் மிளகைப் பார்க்கலாம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் சித்த, ஆயுர்வேத மருந்துகளில் எண்ணற்ற இடங்களில் வருகிறது. ஏன் இத்தனை மருந்துகளில் சேர்க்கிறார்கள் என்ற கேள்வியை 1970களின் இறுதியில் ஜம்முவின் வட்டார ஆய்வுக்கூடத்தில் சி.கே. அடல் குழுவினர் கையிலெடுத்தார்கள். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், கூட வரும் மருந்தை ரத்தத்தில் அதிகமாகச் சேர்க்கிறது என்பது அவர்கள் கண்ட பதில். 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள், 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் மனித உடலில் குர்க்குமின் சேரும் அளவு 20 மடங்கு உயர்வதாக அறிவித்தார்கள். குர்க்குமின் தனியாகக் கொடுத்தால் ரத்தத்தில் தென்படுவதே அரிது என்பதால் இந்த மடங்குக் கணக்கைக் கொஞ்சம் நிதானித்தே வாசிக்க வேண்டும். ஆனால் திசை தெளிவு.

இந்த அறிவு மருந்தாகவும் ஆனது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினை வழக்கமான 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராமாகக் குறைத்து, 10 மில்லிகிராம் பைப்பரினும் ஐசோனியசிடும் சேர்த்த மாத்திரை 2009இல் இந்தியாவில் சந்தைக்கு வந்தது. மரபின் ஒரு நுணுக்கத்தை நவீன மருத்துவம் மதித்து எடுத்துக்கொண்ட நேரம் அது, பெருமைப்படவேண்டிய செய்தி.

அதே பைப்பரின் மறுபக்கமும் வேலை செய்கிறது. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் ஒரு வாரம் கொடுத்தபோது, ரத்த அழுத்த மருந்தான புரோபிரானலால், ஆஸ்துமா மருந்தான தியோஃபிலின் இரண்டின் ரத்த அளவும் தன்னார்வலர்களிடம் உயர்ந்தது. ஃபெனிட்டாய்ன் அளவும் அப்படியே. 2001இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு இன்னும் ஒரு படி நெருங்கியது: பைப்பரின் மாத்திரைக்குப் பதில், மிளகுத்தூள் போட்ட சூப்பைக் கொடுத்து அதன்பின் ஃபெனிட்டாய்ன் கொடுத்தார்கள். அப்போதும் அளவு உயர்ந்தது. மிளகின் எடையில் சுமார் 5 விழுக்காடு பைப்பரின். அப்படியானால் 20 மில்லிகிராம் என்பது அரை கிராம் மிளகுக்கும் குறைவு. சூரணம் சாப்பிடுகிறவர் எளிதில் எட்டிவிடும் அளவுதான்.

அப்படியென்றால் மிளகு ரசம் குடிக்கக் கூடாதா? அப்படிச் சொல்லச் சான்று இடம் தரவில்லை. இவை ஐந்தாறு பேரிடம், ஒருமுறையோ சில நாளோ நடந்த சிறு ஆய்வுகள். தினமும் ரசம் சாப்பிடுகிறவருக்கு மருத்துவர் மாத்திரையின் அளவை நிர்ணயிக்கும்போதே ரசமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அளவு நிலைபட்ட பிறகு புதிதாக ஒரு திரிகடுகச் சூரணத்தைத் தொடங்குவதும், திடீரென்று நிறுத்துவதும்தான் கவனிக்க வேண்டிய தருணங்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களிடம் கீரையை அடியோடு விடச் சொல்லாமல், வாரம் தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிடச் சொல்வதும் இந்த நியாயத்தில்தான்.

அரை மணி நேர இடைவெளி

தமிழ்நாட்டில் அதிகம் பேர் நம்புவதும் அதிகம் பேர் சொல்வதும் இந்தப் பதிலைத்தான். மருந்துக் கடையில் சொல்வார்கள், வைத்தியர் சொல்வார், பக்கத்து வீட்டில் சொல்வார்கள். இரு தரப்பையும் பகைத்துக்கொள்ளாத பதில் என்பதால் அதற்கு இவ்வளவு செல்வாக்கு.

மேலே சொன்ன மூன்று வழிகளில் முதல் வழிக்கு மட்டுமே இது பொருந்தும். இரும்பும் தைராய்டு மாத்திரையும் வயிற்றில் சந்திக்காமல் இருக்க இடைவெளி உதவும். அதற்கும் அரை மணி போதாது. இரும்பு, கால்சியத்துக்கு நான்கு மணி நேரம் என்பதே வழக்கமான அறிவுரை. கல்லீரல் வழியில் இடைவெளிக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. கிரேப்ஃப்ரூட் முடக்கிய நொதி மீண்டும் உருவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். செயின்ட் ஜான்ஸ் வொர்ட்டை நிறுத்திய பிறகும் அதன் தூண்டுதல் அடங்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். சர்க்கரையையும் பொட்டாசியத்தையும் இறக்கும் மூன்றாவது வழியிலோ, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சாப்பிட்டாலும் இரண்டும் அன்று முழுவதும் ஒரே ரத்தத்தில்தான் ஓடுகின்றன. அறுவை சிகிச்சைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே மூலிகை மருந்துகளை நிறுத்தச் சொல்லும் மயக்க மருத்துவர்களின் வழக்கம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

நான்கு பதில்களில் எனக்கு அதிகம் கவலை தருவது இதுவே. முதல் பதிலை நம்புகிறவருக்கு ஒரு சந்தேகமாவது மிச்சமிருக்கும். இடைவெளியை நம்புகிறவரோ எச்சரிக்கையாக நடந்துகொண்டுவிட்ட நிம்மதியோடு மருத்துவரிடம் எதையும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்.

சித்த மருத்துவத் தரப்பு சொல்வது

இந்தத் தரப்பின் வாதங்களில் இரண்டு வலுவானவை. ஒன்று, நவீன ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு மூலிகையின் ஒரு சத்தைப் பிரித்தெடுத்துச் சோதிக்கின்றன; சோதனைக்குழாயில் நொதியை முடக்கும் செறிவு, ஒரு வேளை குடிநீர் குடித்தவரின் ரத்தத்தில் வருவதே இல்லை. இது சரி. சோதனைக்குழாயில் நொதியைத் தடுத்த மூலிகைகளின் பட்டியல் நீளம். மனிதரிடம் உறுதியானவை சில. இரண்டு, துணைமருந்தும் பத்தியமும் சேர்ந்த முறையில் தேர்ந்த வைத்தியர் கொடுப்பதையும், இணையத்தில் பார்த்து வாங்கியதையும் ஒன்றாக எண்ணக் கூடாது. இதுவும் சரி.

சேர்க்கை நன்மையும் தரலாம் என்பதற்குச் சென்னையிலிருந்தே ஒரு சான்று உண்டு. 1990இல் வெளியான சண்முகசுந்தரம் குழுவினரின் ஆய்வில், மாத்திரை சாப்பிட்டுவந்த 22 சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுகுறிஞ்சான் சாறு நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் கொடுக்கப்பட்டது. பலருக்கு மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. 5 பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. ஒப்பீட்டு முறை வலுவற்ற சிறிய ஆய்வுதான். ஆனாலும் இதைக் கவனித்து வாசித்தால் இரு தரப்புக்கும் பாடம் இருக்கிறது. மாத்திரையைக் குறைக்க முடிந்தது என்றால், சர்க்கரையை அளந்துகொண்டே, மருத்துவர் பார்த்துக் குறைத்தார் என்று பொருள். அதே சாற்றை யாருக்கும் சொல்லாமல், மாத்திரையையும் குறைக்காமல் சாப்பிட்டால் அதே விளைவுக்குப் பெயர் சர்க்கரைத் தாழ்வு.

ஆனால் இத்தரப்பின் எல்லையும் வெளிப்படை. அகத்திக்கீரையைப் பற்றி எச்சரித்த மரபுக்கு டாக்ரோலிமஸைப் பற்றி எச்சரிக்க வழியில்லை. அந்த மருந்து அப்போது இல்லை. ஓலைச்சுவடியில் இல்லாத கேள்விக்கு அதன் பெயரால் பதில் சொல்வது மரபுக்கும் நியாயம் செய்வதாகாது.

சரக்கின் அடையாளம் இன்னொரு சிக்கல். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டு இந்தியாவின் பல மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளிவந்தது. அது சீந்திலே அல்ல, அதைப்போன்ற வேறொரு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. யார் சொன்னது சரியானாலும், கடையில் வாங்கும் பொட்டலத்தில் இருப்பது எந்தக் கொடி என்று வாங்குகிறவருக்குத் தெரியாது என்ற உண்மை நிற்கிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது தனிக்கதை. அங்கே பிரச்சினை சேர்க்கையில் அல்ல, சரக்கிலேயே.

இரண்டு சீட்டுகள்

அரசு மருத்துவமனைகள் பலவற்றில் ஒரே வளாகத்தில் ஆங்கில மருத்துவப் பிரிவும் சித்த மருத்துவப் பிரிவும் இருக்கின்றன. ஏழைகளுக்கு இரு மருத்துவமும் இலவசமாகக் கிடைக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் சர்க்கரை மாத்திரை ஒரு சீட்டிலும் சூரணம் இன்னொரு சீட்டிலும் இருக்கும்போது, இரண்டையும் ஒருசேரப் பார்ப்பவர் நோயாளி மட்டுமே.

நோயாளிகள் சொல்லாமல் இருப்பது இங்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. 1993இல் அமெரிக்காவில் டேவிட் ஐசன்பெர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மாற்று மருத்துவம் பயன்படுத்தியவர்களில் 72 விழுக்காட்டினர் தம் மருத்துவரிடம் அதைச் சொல்லவில்லை. திட்டு விழும் என்று பயந்தவர்கள் இருப்பார்கள். கேட்காததால் சொல்லாதவர்களும் இருப்பார்கள். நம் ஊரில் பலருக்குக் கஷாயம் மருந்தாகவே தோன்றுவதில்லை. "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்றால் "இல்லை" என்பார்; அது பொய் அல்ல. "கஷாயம், சூரணம், லேகியம், சத்துமாத்திரை ஏதாவது?" என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும்.

சட்டமும் இந்த இடத்தில் மௌனம். ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கான 158பி விதி, பழைய நூல்களில் உள்ள மருந்துகளை நூலில் சொன்ன நோய்க்கே விற்பதானால் புதிய பாதுகாப்பு ஆய்வு கேட்பதில்லை. ஆங்கில மருந்துகளோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்ற ஆய்வை யாரிடமும் கேட்பதில்லை. அமுக்கரா மாத்திரையை ஆயுஷ் உரிமத்திலும் விற்கலாம், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத்தில் துணைஉணவாகவும் விற்கலாம். அமுக்கரா தைராய்டு சுரப்பை உயர்த்தக்கூடும் என்பதற்கான அறிகுறிகள் ஆய்வுகளில் உள்ள நிலையில், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு எந்த டப்பாவுக்கு?

இன்னும் தீராதவை

உறுதியாகச் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான். செயின்ட் ஜான்ஸ் வொர்ட் பல மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும். கிரேப்ஃப்ரூட் குடும்பப் பழங்கள் சில மருந்துகளின் அளவை ஏற்றும். அதிமதுரம் நீண்ட நாள் எடுத்தால் பொட்டாசியத்தைக் குறைக்கும். பைப்பரின் சில மருந்துகளின் அளவை உயர்த்தும். அதன் அன்றாடப் பாதிப்பு எவ்வளவு என்பது இன்னும் அளக்கப்பட வேண்டும். சர்க்கரையைக் குறைக்கும் மூலிகைகள் இன்சுலினோடும் கிளிமிபிரைடு வகை மாத்திரைகளோடும் சேரும்போது எச்சரிக்கை தேவை. சங்குபுஷ்பியும் ஃபெனிட்டாய்னும் சேர்வதைத் தவிர்க்கப் போதிய காரணம் உண்டு. இவற்றுக்கு வெளியே இருப்பதில் பெரும்பகுதி ஊகம். ஆனால் சில ஊகங்கள் நியாயமானவை.

தமிழ்நாட்டுக்கு நேரடியாக வேண்டிய பதில்களோ இந்தப் பட்டியலுக்கு வெளியேதான் இருக்கின்றன. 2012 டெங்கு காலத்திலிருந்து நிலவேம்புக் குடிநீரும், 2020 முதல் கபசுரக் குடிநீரும் ஊர் ஊராக வழங்கப்பட்டன. முதலாவதில் 9 சரக்குகள். அவற்றில் மிளகும் சுக்கும் உண்டு. இரண்டாவதில் 15, திப்பிலியும் சீந்திலும் நிலவேம்பும் அதில் அடக்கம். வாங்கிக் குடித்தவர்களில் அம்லோடிபின், மெட்ஃபார்மின், அட்டார்வாஸ்டாட்டின் சாப்பிடும் முதியவர்கள் ஏராளம். சில நாள் குடித்தால் பெரும் கெடுதல் நேரும் என்று எண்ணக் காரணமில்லை. மாதக்கணக்கில் குடிப்பவர்களைப் பற்றி அப்படி நிச்சயமாகச் சொல்ல, அந்தக் குடிநீரையும் அந்த மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுத்து ரத்த அளவைப் பார்க்கும் ஆய்வுகள் வேண்டும். மருந்தைச் சிதைக்கும் நொதிகள் ஆளுக்கு ஆள் மரபணுவால் மாறுபடுகின்றன. தமிழ் மக்களிடையே அந்த வேறுபாடுகளைப் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த அறிவை மூலிகைச் சேர்க்கையோடு இணைப்பது அடுத்த படி.

செலவு யாருடையது என்பதும் தீரவில்லை. காப்புரிமை இல்லாத குடிநீருக்காக எந்த நிறுவனமும் பணம் போடாது. அரசுதான் போட முடியும். அதன் கையில் குடிநீரும் இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது, இரண்டையும் வாங்கிப்போகும் நோயாளியும் இருக்கிறார். மூலிகை மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்ய ஆயுஷ் அமைச்சகம் 2018இல் தொடங்கிய வலைப்பின்னலில் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் ஒரு மையம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கப் பணியாளர்கள் வீட்டுக்கே போகிறார்கள். அந்த வாசலில் நாட்டு மருந்து பற்றியும் ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டால், எந்தச் சூரணம் எந்த மாத்திரையோடு அதிகம் புழங்குகிறது என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். எந்தச் சேர்க்கையை முதலில் சோதிப்பது என்பதை அந்தப் பட்டியலை வைத்தே முடிவுசெய்ய முடியும்.